நாக்ஸ் சென்சார் படிக்கணும்னு சொல்ற மகளைத் தடுக்காதீர்கள், அண்ணே

அண்ணே, உங்கள் பயம் புரிகிறது. மதுரை கப்பலூர் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கிறீர்கள், மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க், பட்டறைக்கு வந்து பார்த்துப் பார்த்து இப்போது சென்சார் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறாள். டீசல் வண்டியே ஒழியப் போகிற காலத்தில் இது எதற்கு, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைத் தடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு, அதாவது நாக்ஸ், வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது, லாரிக்கும் அதே மாதிரி பெரிய இறக்கம். புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்தால் அது அமோனியாவாக மாறி நாக்ஸைக் குறைக்கும், எவ்வளவு நாக்ஸ் மிச்சம் என்று சென்சார் அளக்கும். யூரியா டேங்கும் நாக்ஸ் சென்சாரும் உங்கள் பட்டறைக்குள் இவ்வளவு வருவது அதனால்தான். அந்தச் சென்சாருக்குள் ஜிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதை ஏறக்குறைய 800 டிகிரிக்குச் சூடாக்கினால் ஆக்சிஜன் அயனிகள் அதன் வழியே நகரும். முதல் அறையில் புகையில் கலந்திருக்கிற சாதாரண ஆக்சிஜனை வெளியே இறைத்துவிட்டு, அடுத்த அறையில் நைட்ரிக் ஆக்சைடை உடைத்து, அதிலிருந்து பிரிகிற ஆக்சிஜன் தரும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வருகிற அந்த மின்னோட்டத்தை, லாரி குலுங்குகிற குலுக்கலில், புகைக்குழாய்ச் சூட்டில், தப்பில்லாமல் எடுக்க வேண்டும். வேதியியல், எலக்ட்ரானிக்ஸ், சாஃப்ட்வேர் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது, அண்ணே.

அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இந்தச் சென்சாருக்கு அமோனியாவும் நாக்ஸ் போலத்தான் தெரியும், அது ஏன் என்று. யூரியா தேவைக்கு மேல் தெளிக்கப்பட்டு அமோனியா மிஞ்சி வெளியே வந்தால்கூட ஸ்கேனரில் நாக்ஸ் கூடிவிட்டதாகத்தான் காட்டும். உடனே சென்சாரைக் கழற்றிப் புதுசு போடுவார்கள், கொஞ்ச நாளில் அதே எரர், வண்டி மறுபடி இழுக்காமல் நிற்கும். 32.5 சதவீதம் இருக்க வேண்டிய யூரியாக் கரைசல் தரமில்லாமல் இருந்திருக்கலாம், இன்ஜெக்டர் நுனியில் யூரியா உப்பாகப் படிந்து அடைத்திருக்கலாம், புகைக்குழாயில் கசிவு இருந்திருக்கலாம். இதில் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆட்கள் நம் பக்கத்தில் ரொம்பக் குறைவு, அதற்குத்தான் படிப்பு வேண்டும். எல்லாம் சரியாக இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பொய் சிக்னல் கொடுக்கிற எமுலேட்டரை மாட்டி யூரியாவையே கட் பண்ணிவிடுகிற வேலை பக்கம் மட்டும் அவள் போகவே கூடாது. அது சட்டவிரோதம், அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவதும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

டீசல் போய்விட்டால்? கனரக லாரியும் டிராக்டரும் நாளைக்கே போகப் போவதில்லை, ஜெனரேட்டர்களுக்கே 2023 ஜூலையில் கடுமையான புது விதி வந்தது. அப்படியே போனாலும், இதே ஜிர்கோனியாதான் எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கிற ஒருவகை ஃபியூயல் செல்லிலும் வேலை செய்கிறது, ஆஸ்துமா நோயாளியின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கிற கருவியும் இருக்கிறது, பேட்டரிக்கு அடிப்படையும் இந்த மின்வேதியியல்தான். ஒரு பாகத்தை மட்டும் கற்றுக்கொள்பவருக்குத்தான் டீசல் போனால் பயம்.

எங்கே சேர்ப்பது என்றால், முதலில் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான இடம், மின்வேதியியலை பி.டெக். படிப்பாகவே நடத்தியவர்கள், இந்த வருஷச் சேர்க்கை விவரத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அது அமையாவிட்டால் இன்ஸ்ட்ருமென்டேஷன், இ.சி.இ., மெக்கட்ரானிக்ஸ், எதுவானாலும் சரி. மதுரையிலேயே வேண்டும் என்றால் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஒன்று, சென்சார் வடிவமைக்கிற வேலைகள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூரில்தான். மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மனதில் ஓர் ஆசை இருந்தால் அதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள், நாலு வருஷம் கழித்துப் பேசாதீர்கள். முதல் சம்பளமும் சாஃப்ட்வேர்காரப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கலாம்.

அப்புறம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் அவளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிகளுக்குப் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் கையாலேயே சென்சாரை இணைத்து அளவு எடுக்கிறார்களா, அல்லது ரெக்கார்டு நோட்டில் எழுதுவதோடு சரியா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். லேப் பூட்டியே கிடந்தால், கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.