உடம்பு கேஸை விடுங்க சார், அக்கவுண்ட்டைப் பாருங்க

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கற ஊர்லேருந்து ஒரு வாசகர் மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கார். விஷயம் இதுதான்: ஏழு பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா கடற்கரையில கூடி க்ரையோனிக்ஸ் பத்திப் பேசுவாங்க, அதாவது செத்தப்புறம் உடம்பை மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன்ல வச்சிருந்தா பின்னாடி வைத்தியம் வரும்போது எழுப்பிக்கலாம்ங்கற நம்பிக்கை. அந்தச் செலவுக்குன்னு ஆளுக்கு மாசம் 3,000 ரூபா, ரெண்டு வருஷமா இவரோட சேவிங்ஸ் அக்கவுண்ட்ல. போன மாசம் அதுல ஒருத்தர் தவறிட்டார். என்னை எரிக்கக்கூடாதுன்னு பத்திரத்தாள்ல எழுதி வச்சிருந்தும் மகன் மறுநாளே தகனம் பண்ணிட்டான், ஐஸோட போன இவரை வாசல்லயே வச்சுத் திட்டியிருக்கான், இப்போ அப்பா கட்டுன 72,000 ரூபாயைத் திருப்பிக் கேக்கறான். மகன் மேல கேஸ் போடலாமாங்கறது கேள்வி.

போட முடியாது சார். நம்ம சட்டத்துல செத்தவர் உடம்பு யாருக்கும் சொத்து கிடையாது, அதை நிலம் நகை மாதிரி எழுதி வைக்க வழியில்ல. உறுப்பு தானத்துக்குச் சட்டம் இருக்கு, மெடிக்கல் காலேஜுக்கு உடம்பு கொடுக்க வழி இருக்கு, உறையவைக்கறது ரெண்டுலயும் வராது. 2010-ல அமெரிக்காவுல அயோவா கோர்ட் புதைச்ச உடம்பையே தோண்டி க்ரையோனிக்ஸ் அமைப்புகிட்டக் கொடுக்கச் சொன்னுச்சேன்னு எழுதியிருக்கீங்க, அங்க உடல்தானச் சட்டத்துக்குக் கீழ இறந்தவரே கையெழுத்துப் போட்ட பேப்பர் இருந்துச்சு. உங்ககிட்ட இருக்கறது பத்திரத்தாள். சாவு வீட்டு வாசல்ல திட்டு வாங்கினதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகாதீங்க.

நீங்க ரெண்டே வரியில தாண்டிப்போன அந்த அக்கவுண்ட்தான் எனக்குக் கவலை. ஏழு பேருக்கு ரெண்டு வருஷம்னா அஞ்சு லட்சத்துக்கு மேல வருது. சங்கமாப் பதிவு பண்ணல, ரசீது இல்ல, வட்டியும் கொடுக்கலங்கறீங்க. வட்டி இல்லைனா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல பின்னாடி ஒரு சேவை செஞ்சு தர்றேன்னு தவணையா வாங்கின பணமும் டெபாசிட்தான், தனி ஆளா இருந்தாலும் விடாது. திருப்பித் தரலைனா பத்து வருஷம் வரைக்கும் தண்டனை, கோர்ட் மதுரையில. கூடவே நம்பிக்கை மோசடின்னு ஒரு பிரிவையும் சேத்துப்பாங்க.

என்கிட்ட வந்த ஒருத்தர் ஊர்க்காரங்க காசி டூர் போறதுக்கு இப்படித்தான் பணம் சேத்து வச்சிருந்தார், நல்ல மனுஷன், ஒரு பைசா தொடல. ஒருத்தர் இறந்ததும் சம்சாரம் வந்து கேட்டாங்க, "கட்டுனது கட்டுனதுதான், திரும்ப வராது"ன்னு கோவத்துல வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் போட்டார், அவ்வளவுதான், அதைக் கேட்டு மத்தவங்களும் பயந்து ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க. அக்கவுண்ட்டை முடக்கிட்டாங்க, அவரோட பென்ஷனும் அதுலதான். உடம்பை ஃப்ரீஸ் பண்ணக் கிளம்பின உங்களுக்கும் முதல்ல ஃப்ரீஸ் ஆகப்போறது அதுதான் சார்.

அதனால பேசி முடிங்க, முழு 72,000-மும் கொடுத்துடுங்க, ஐஸுக்கும் வண்டிக்கும் ஆன செலவைக் கழிக்காதீங்க. ஆனா மகன் கையில கொடுத்துடாதீங்க, இங்கதான் நிறையப் பேர் ரெண்டாவது தடவை மாட்டறாங்க. ஸ்டேஷன்ல வச்சு பையன்கிட்ட ரொக்கமாக் கொடுத்துட்டு வந்துடுவாங்க, ஆறு மாசம் கழிச்சு கட்டிக்கொடுத்த மக வந்து என் பங்கு எங்கன்னு நிப்பா. தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசு சான்றிதழைக் கேளுங்க, அதுல பேர் இருக்கற எல்லாரும், இறந்தவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களும் சேத்து, முழுசா வந்துடுச்சு இனி கோரிக்கை இல்லைன்னு கையெழுத்துப் போடணும், பணம் பேங்க் வழியாவே போகணும்.

மிச்சம் அஞ்சு பேர் பணத்தையும் இதே மாசம் அவங்கவங்க அக்கவுண்ட்டுக்கு அனுப்பிடுங்க. ஆசை இருக்கறவங்க அமெரிக்காவுல இருக்கற அமைப்புல அவங்க பேர்லயே சேரட்டும், அதுக்கு முன்னாடி வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை கடற்கரையில உக்காந்து பேசறதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க வராது, தாராளமாப் பேசுங்க.