மெடிக்கலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெடிக்கல் போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கடைத்தெரு ஒரு கிலோமீட்டர் நீளம். நடுவில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெடிக்கல் இருக்கிறது; எம்.ஆர்.பி. விலைக்குத்தான் விற்கிறார்கள். அதை ஒட்டிய கடை வாடகைக்கு வருகிறது. தெருக்கோடியிலும் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

பதில்: கூட்டத்தை மட்டும் கணக்கு வைத்தால் பக்கத்துக் கடைதான். வீடுகள் தெரு நெடுகச் சீராக இருக்கின்றன, விலையும் ஒன்றுதான் என்றால் ஆட்கள் கிட்டத்தில் உள்ள கடைக்குப் போவார்கள். ஒட்டிப் போட்டால் பாதித் தெரு உங்களுக்கு. கோடியில் போட்டால் கால்வாசிதான். கடைகள் ஒன்றையொன்று நெருங்கி நடுவில் குவிவதற்கு பொருளாதார அறிஞர் ஹரோல்டு ஹோட்டலிங் 1929-இல் சொன்ன காரணம் இதுதான்.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் காட்ட ஐம்பது வருடம் ஆயிற்று. 1979-இல் தஸ்ப்ரமோன், கப்ஷேவிச், தீஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், கடைகள் மிக நெருங்கினால் விலை ஒரு நிலையில் நிற்காது என்று நிரூபித்தார்கள். ஒருவர் கொஞ்சம் குறைத்தாலே அடுத்தவரின் கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிடும். அவர் சும்மா இருப்பாரா? தூரம் கூடக் கூட நடப்பதன் சிரமம் வேகமாக ஏறுகிறது என்று வைத்துப் பார்த்தபோது, இரண்டு கடைகளும் ஆளுக்கொரு கோடிக்கு விலகின.

உங்கள் வியாபாரத்துக்கு வருவோம். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளின் உச்ச விலையில் சில்லறைக் கடைக்கென்று 16 சதவீதம் சேர்க்கப்படுகிறது. வரியை விட்டுவிட்டால், 100 ரூபாய்க்கு எடுத்த மாத்திரை அட்டையை 116-க்கு விற்கிறீர்கள். அதில் 10 சதவீதம் தள்ளுபடி தந்தால் கையில் நிற்பது 4 ரூபாய் 40 காசு. 15 சதவீதம் என்று போர்டு வைத்தால் கைக்காசு போகும்.

தெரு முழுக்க நாளைக்கு 100 அட்டை போகிறது என்று வையுங்கள். கோடியில், தள்ளுபடி இல்லாமல், 25 அட்டைக்கு 400 ரூபாய். ஒட்டிய கடையில், இருவரும் 10 சதவீதம் தள்ளினால், 50 அட்டைக்கு 220 ரூபாய். தள்ளுபடி சுமார் 7 சதவீதத்துக்குள் நின்றால்தான் பக்கத்துக் கடை லாபம். நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பழைய கடைக்காரர், வாடிக்கையைக் காப்பாற்ற இறங்கித்தான் வருவார். "நாம் இருவரும் தள்ளுபடியே தர வேண்டாம்" என்று அவரோடு பேசி வைத்துக்கொள்ளவும் முடியாது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது.

ஜவுளிக்கடைகள் ஒரே தெருவில் கூடி நன்றாகத்தானே ஓடுகின்றன என்பீர்கள். சேலையை நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து எடுப்பார்கள். கடை கூடினால் கூட்டமும் கூடும். மருந்துச் சீட்டோடு வருபவர் முதல் கடையிலேயே வாங்கிவிட்டுப் போய்விடுவார்.

அதனால் கோடிதான் என் யோசனை. ஒரு விஷயம் மட்டும் இதை மாற்றும். டாக்டர்களின் கிளினிக் எல்லாம் பஸ் ஸ்டாண்டு அருகிலேயே இருந்தால், வீடு எங்கே என்பது முக்கியமில்லை; சீட்டு அங்கே எழுதப்படுகிறது, மருந்தும் அங்கேயே வாங்கப்படும். அப்போது பக்கத்துக் கடையை எடுங்கள், ஆனால் அவர் மூடிய பிறகும் திறந்திருங்கள், அவர் வைக்காத இன்சுலினையும் குழந்தை மருந்தையும் வையுங்கள். முன்பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் மாலையில் அங்கே நின்று, சீட்டோடு வருபவர்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.