தொர்தோன் பக்கம் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறை நெருங்கினால் பிரான்சின் தென்மேற்கு நாட்டுப்புறத்தைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். தொர்தோன், வெசேர், லோத் ஆறுகள் ஓடும் பகுதி அது: சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், வால்நட் தோப்புகள், ஆற்றின் வளைவுக்கு வளைவு ஒரு கோட்டை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். லுவார் அரண்மனைகளையும் இதையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள். சார்லா பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் நிதானமாகப் பாருங்கள். ஒரு வாரம் போதாது.

லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்க்க வெகுநாள் ஆசை. அங்கே காட்டுவது நகல்தான் என்கிறார்களே, அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா? (லா கூர்நேவிலிருந்து ஒரு வாசகி)

நகல்தான். 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்த அசல் குகையை 1948இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. உள்ளே போனவர்கள் விட்ட மூச்சே குகைக்கு எமனாகிவிட்டது. கரியமில வாயுவும் ஈரமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது, சுண்ணாம்புப் படலம் வெள்ளையாகப் பூத்தது. 1963இல் மூடினார்கள். இனி நமக்கெல்லாம் திறக்கப் போவதில்லை.

மோந்தினியாக் ஊரில் 2016இல் திறந்த லாஸ்கோ 4, அந்தக் குகையின் பாறை மேடுபள்ளம் உட்பட அப்படியே வார்த்தெடுத்தது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள காளை தலைக்கு மேல் பாய்ந்து வரும்போது நகல் என்ற நினைப்பு கொஞ்ச நேரம் மறந்துபோகும். பிள்ளைகளோடு போகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

அசல்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. லெஸேஸி ஊரில் ஃபோன் த கோம் குகையில் பல வண்ணத்தில் தீட்டிய காட்டெருமைகளை இன்றும் நேரில் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு மிகக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், ஆகவே மாதக்கணக்கில் முன்னதாகவே சீட்டுக்கு முயலுங்கள். ரூஃபினியாக் குகையில் சின்ன மின்சார ரயிலில் உட்காரவைத்து உள்ளே கூட்டிப் போவார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அதைவிட வசதியானது கிடையாது. வழி நெடுக மாமத யானைகளின் கோட்டோவியங்கள். தரையில் பெரிய பெரிய குழிகள் தெரியும். மனிதர்கள் வருவதற்கு முன் குகைக்கரடிகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கிய படுக்கைகள் அவை. குளிர்காலத்தில் இந்தக் குகை மூடியிருக்கும்.

ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் என்றால் நான் லோத் பக்கம் கப்ரெரே ஊரிலுள்ள பெஷ் மெர்லைச் சொல்வேன். மேலே சொன்ன வட்டத்துக்கு வெளியேதான் வருகிறது, இருந்தாலும் போங்கள். 1922இல் விடலைப் பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழமை. வலப்பக்கக் குதிரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்த இடத்தில் பாறையின் விளிம்பே குதிரைத் தலை மாதிரி அமைந்திருக்கிறது. வரைந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே கைவைத்திருக்கிறார். சுற்றிலும் கைகளின் அச்சு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து மேலே கறுப்புச் சாயத்தை ஊதியது. இன்னொரு மூலையில், இறுகிப்போன சேற்றில் ஒரு சிறுவயதுக்காரரின் பாதச் சுவடு. கூரையிலிருந்து ஒரு ஓக் மரத்தின் வேரும் கீழே இறங்கியிருக்கும்.

எந்தக் குகையானாலும் உள்ளே 13 டிகிரி அளவில்தான் இருக்கும், ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஓவியங்களைப் படமெடுக்க விடமாட்டார்கள்.

தொர்தோன் ஆற்றில் கனோ ஓட்டலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம். எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்களே, போதாதா? (லண்டன் வாசகி)

போதாது. படகு கொடுக்கும்போது நீச்சல் தெரியுமா என்று கேட்பார்கள், 25 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று சும்மா தலையாட்டிவிட்டு ஏறாதீர்கள். ஆகஸ்டில் பல இடங்களில் முழங்காலளவுதான் தண்ணீர், உண்மைதான். ஆனால் பாறையோரம் திடீரென்று ஆழமாகிவிடும், பாலத்துத் தூண் பக்கம் இழுப்பும் இருக்கும்.

உங்களுக்குத் தோதானது லா ரோக் கஜாக்கிலிருந்து கிளம்பும் கபார் படகு. அந்தக் காலத்தில் மரத்தை ஏற்றிக்கொண்டு போர்தோ பக்கம் போன தட்டையடிப் படகுகளின் சாயலில் செய்தது. சுமார் ஒரு மணி நேரம் கோட்டைகளைக் காட்டிக்கொண்டே போவார்கள். ஏறுமுன் ஊருக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள். தெற்கு பார்த்த செங்குத்துப் பாறை வெயிலைத் தேக்கிவைத்துக்கொள்வதால் அடிவாரத்தில் வாழை மரம் நிற்கிறது! அதே பாறையின் ஒரு பகுதி 1957இல் இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள் என்பதையும் அண்ணாந்து பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நீந்தத் தெரிந்தவர்களுக்கு: செனாக்கிலிருந்து பேனாக் வரை ஒன்பது கிலோமீட்டர், அரை நாளுக்குச் சரியாக இருக்கும். படகோடு மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று தருவார்கள். செல்பேசி, கார் சாவி, துண்டு எல்லாம் அதற்குள். மூடியை முழுக்கத் திருகியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.

நாங்கள் சுத்த சைவம். அந்தப் பக்கம் வாத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காதாமே? (சென்னை வாசகர்)

வாத்து ராஜ்யம்தான், மறுப்பதற்கில்லை. இறைச்சி மட்டும் இல்லை, சமைக்கும் கொழுப்பும் வாத்துடையது. சார்லாவின் பெயரிலேயே ஒரு உருளைக்கிழங்கு வறுவல் உண்டு. பூண்டும் பார்ஸ்லியும் தூவி, பார்க்கப் பரம சைவமாக இருக்கும். வறுப்பது வாத்துக் கொழுப்பில். பூண்டு சூப்பும் பெரும்பாலும் அப்படியே. பெரிகோர் (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) சாலட் என்று பட்டியலில் இருந்தால் இலைக்கு நடுவே வாத்தின் இரைப்பை வறுத்துப் போட்டிருக்கும்.

ஆகவே "சான் வியாந்த், சான் புவாஸோன், சான் கிரேஸ் த கனார்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று ஆயிற்று. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் செப் காளான் போட்ட ஆம்லெட் அருமையாக இருக்கும், வெண்ணெயில் செய்யச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டி இன்னொரு சிக்கல். பாரம்பரியமாகச் செய்வதில் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைத்தான் ஊற்றுவார்கள். அதைப் பார்ப்பவர்கள் ரோக்கமதூர் ஆட்டுப்பால் கட்டியையும் விட்டுவிட வேண்டியதுதான்.

நான் சொல்வது, சமையலறை உள்ள ழீத் (விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு) எடுங்கள். பாரிஸ் வழியாகப் போகிறீர்கள் என்றால் லா ஷப்பேலில் நம் கடைகளில் பருப்பும் சாம்பார் பொடியும் வாங்கிக்கொள்ளலாம். காய்கறிக்குப் புதன், சனிக்கிழமைகளில் சார்லா சந்தை. பழைய தேவாலயம் ஒன்றை அங்கே உள்சந்தையாக மாற்றியிருக்கிறார்கள், கட்டடக் கலைஞர் ழான் நூவெல் வைத்த ராட்சத இரும்புக் கதவுகளோடு. அது இருக்கட்டும், ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமத்தில் பால் பாக்கெட்கூடக் கிடைக்காது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? (பெங்களூர் வாசகர்)

சார்லா வரை முடியும். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில். பழைய ரயில் பாதையொன்றைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், அதில் ஆற்றுப் பக்கம் இறங்கலாம். ஆனால் குகைகளுக்கும் சின்ன ஊர்களுக்கும் பேருந்தை நம்ப முடியாது.

கார் எடுத்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புற இருவழிச் சாலையில் வேறு பலகை இல்லாவிட்டால் 80 கிலோமீட்டர்தான். முக்கியமாக இன்னொன்று: கிராமத்துக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் பெரிய சாலையில் போனாலும், எதிர்ப் பலகை இல்லாதவரை அப்படித்தான். உள்ளூர்ப் பெரியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரை வெளியே விடுவார்கள், தவறு நம்முடையதாகிவிடும்.

ஒரே ஒரு கோட்டை பார்க்க நேரம் இருக்கிறது. பேனாக்கா, காஸ்தெல்நோவா? (பாரிஸ் வாசகர்)

பிள்ளைகள் இருந்தால் காஸ்தெல்நோ. போர்க்கருவிகளுக்கென்றே அருங்காட்சியகம் உண்டு, கல்லெறியும் ராட்சதப் பொறிகளை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் பேனாக். ஆற்றுக்கு மேல் 150 மீட்டர் உயரத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல் மொட்டையாக நிற்கும் கோட்டை. நூற்றாண்டுப் போரில் காஸ்தெல்நோ ஆங்கிலேயர் பக்கம், பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம். எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றவை. ஒன்றில் ஏறினால் மற்றதும் தெரியும் என்பதால் நஷ்டமில்லை.

ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் மூன்று நாள் மட்டும் நடக்க ஆசை. எங்கே தொடங்கலாம்? (சூரிக்கிலிருந்து ஒரு வாசகர்)

எஸ்பாலியோனில் தொடங்கி எஸ்தேன், கோலினியாக் வழியாகக் கோங்க்கில் முடியுங்கள். முதல் நாள் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில்தான், கடைசி நாள் இருபதைத் தாண்டும். சிவப்புக்கு மேல் வெள்ளைக் கோடு போட்டிருந்தால் சரியான வழி. அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம் போங்கள்! சிரிக்க வேண்டாம், கிராமத்துக் கல்லறைகளில் பெரும்பாலும் குழாய் இருக்கும், நடைப்பயணிகள் எல்லோரும் அங்கேதான் பாட்டிலை நிரப்புகிறார்கள். "நோன் பொதாப்ல்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். மாலையில் கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கோங்க் தேவாலய வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் வலப்பக்கத்திலுள்ள நரகத்தையும், பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கில் தொங்கும் கஞ்சனையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளி வளைவின் விளிம்பைப் பாருங்கள். அங்கே குட்டிக் குட்டி முகங்கள், கல் நாடாவை விரலால் பிடித்துக்கொண்டு, மூக்கு வரை மட்டும் தெரிய, உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே ஓவியர் சூலாஜ் வடிவமைத்த ஜன்னல்கள், 1994இல் வைத்தவை. வண்ணமே இல்லாத கண்ணாடி. அது பிடிக்காதவர்கள் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அக்டோபரில் போனால் எல்லாம் மூடியிருக்குமா? (டொராண்டோ வாசகி)

இல்லை. கனோ கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், குகைகளும் கோட்டைகளும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு திறந்திருக்கும். கூட்டமும் குறைவு. செப்டம்பரிலேயே வர முடிந்தால் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் வருகின்றன, சாதாரணமாகத் திறக்காத பல கட்டடங்களை அப்போது திறந்துவிடுவார்கள். அக்டோபரில் காட்டுப் பாதையில் நடந்தால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அது வேட்டைக் காலம். வழியில் "ஷாஸ் ஆன் கூர்" என்ற பலகை வைத்திருந்தால் வேறு பாதை பாருங்கள். அப்புறம், சாலையோரம் விழுந்து கிடக்கும் வால்நட்டைப் பொறுக்க வேண்டாம். அது யாரோ ஒரு விவசாயியின் அறுவடை.