குழந்தைக்குத் தன் உடம்பு தன்னுடையது என்று எப்போது தெரியும்?

பதினோரு மாதக் குழந்தை கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறதே, அது தன்னைத்தான் என்று புரிந்துதான் சிரிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இல்லை. ஆனால் தன் உடம்பைப் பற்றி அதற்கு இப்போதே நிறையத் தெரியும். கண்ணாடியை மட்டும் வைத்து முடிவுகட்டினால் அது நம் கண்ணில் படாது.

பிறந்த குழந்தையின் கன்னத்தை விரலால் வருடினால், பால் தேடி அந்தப் பக்கம் வாயைத் திறந்து திரும்பும். 1997இல் பிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் சொந்தக் கையே கன்னத்தில் பட்டபோது இப்படித் திரும்புவது மிகவும் குறைந்திருந்தது. தன்னைத் தொடும்போது கையிலும் உணர்வு, கன்னத்திலும் உணர்வு. பிறர் தொட்டால் கன்னத்தில் மட்டும்தான். 'நான்' என்ற எண்ணமெல்லாம் வருவதற்கு வெகு முன்பே உடம்பு இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது.

அப்புறம் ஐந்து மாதத்தில் இன்னொன்று. தன் கால் உதைப்பதை நேரடியாகக் காட்டும் திரையையும் வேறொரு குழந்தையின் காலைக் காட்டும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், குழந்தை அடுத்த குழந்தையின் காலைத்தான் அதிக நேரம் பார்க்கிறது. தான் உதைப்பதோடு ஒத்துப்போகாததுதான் அதற்குப் புதுமை.

ஆனால் தன் உடம்புக்கு அளவு உண்டு, எடை உண்டு, அது இடத்தை அடைக்கும் என்பது மெதுவாகத்தான் பிடிபடுகிறது. என் மகன் ஒன்றரை வயதில் தரையில் கிடந்த போர்வையின் மேல் நின்றுகொண்டே அதைத் தூக்கப் பார்த்தான். குனிந்து, ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முழங்கால் வரை வந்து நின்றுவிட்டது. முகம் சிவக்க மறுபடி இழுத்தான். பிறகு இரண்டடி நகர்ந்து, அதே போர்வையின் இன்னொரு மூலையில் ஏறி நின்று இழுத்தான். தடுப்பது தன் கால்தான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இது பிடிவாதமும் இல்லை, மந்தமும் இல்லை. அந்த வயதில் பல குழந்தைகள் செய்வது இது.

இதைவிட வியப்பானது, 2004இல் ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பொம்மைக் காரில் விளையாடிய பிள்ளைகளிடம், அதே போன்ற கையடக்கக் காரைக் கொடுத்தார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் சிலர் அந்தக் குட்டிக் கதவைத் திறந்து காலை உள்ளே நுழைக்க முயன்றார்கள், விளையாட்டுக்காக அல்ல, நிஜமாகவே.

ஒருமுறை கற்றால் போதும் என்பதும் இல்லை. செங்குத்தான சரிவைக் கண்டு தவழும்போது விலகக் கற்ற குழந்தை, நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் காலை வைக்கும் என்று உளவியலாளர் கேரன் அடால்ஃப் காட்டியிருக்கிறார். நிமிர்ந்து நிற்கும் உடம்பு அதற்குப் புதிது. நடக்கத் தொடங்கும்போது படிக்கட்டுப் பக்கம் கூடுதல் கவனம் வையுங்கள். முன்பு விலகியதே என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். மூக்கில் தெரியாமல் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டால், பல குழந்தைகள் 18 முதல் 24 மாதத்துக்குள் தங்கள் மூக்கையே தொடுகிறார்கள். கண்ணாடியில் இருப்பது தாங்கள்தான் என்று புரிந்ததன் அடையாளம் அது. வீட்டில் செய்து பார்ப்பதென்றால் அதுவரை பொறுங்கள். அப்போதும் தொடாவிட்டால் பதற வேண்டாம். கென்யாவில் இதே சோதனையில், வயதில் மூத்த பிள்ளைகள்கூடப் பெரும்பாலோர் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.