கணுக்கால் காயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தால் சீக்கிரம் விளையாடலாமா? கேள்வி பதில்

கணுக்கால் காயம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் மலையகம் முழுவதிலும் இருந்து கேள்விகள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆபரேஷன். நான் சத்திரசிகிச்சை செய்பவனல்ல. அது முடிந்த பிறகு உங்களை எழுப்பி நடக்கவைத்து ஓடவைக்கும் பிசியோதெரபிஸ்ட். அந்த இடத்தில் நின்றுதான் பதில் சொல்கிறேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த டொக்டர் சொன்னதற்கு மேல் என் பேச்சை வைக்காதீர்கள்.

பேராதனைப் பல்கலைக்கழக மாணவர், ரக்பி விளையாடுபவர்: அண்ணா, அமெரிக்காவில் கல்லூரி வீரர்கள் கணுக்காலில் ஏதோ கயிறு வைத்துத் தைத்து மூன்று நான்கு வாரத்தில் திரும்பி விளையாடுகிறார்களாம். உண்மையா? இங்கேயும் செய்யலாமா?

உண்மைதான் தம்பி. அதிகம் பேசப்பட்டது டுவா டகோவைலோவாவின் கதை. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக், அதாவது அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 2018 டிசம்பர் 1ஆம் திகதி ஆட்டத்தில் கணுக்கால் காயப்பட்டது, மறுநாளே சத்திரசிகிச்சை, டிசம்பர் 29ஆம் திகதி ‘ஒரேஞ்ச் போல்’ (Orange Bowl) என்ற ஆட்டத்தில் இறங்கி நான்கு டச்டவுன் எறிந்தார். அடுத்த வருடம் ஒக்டோபர் 19இல் மற்றக் கால். மறுபடி அதே சிகிச்சை, நவம்பர் 9இல் மறுபடி களம்.

இதைப் படித்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் எலும்புகளைப் பிணைக்கும் நார் சீக்கிரம் ஒட்டிவிடும் என்று நினைக்கவேண்டாம். கிழிந்த நார் சுகமாக எடுக்கும் காலத்தை எந்தச் சத்திரசிகிச்சையும் குறைப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன, உள்ளே பெரியது, வெளிப்பக்கம் மெல்லியது. கணுக்காலுக்குச் சற்று மேலே பலமான நார்கள் இரண்டையும் பிணைத்து வைத்திருக்கின்றன. பாதத்தின் மேல் எலும்பு அந்த இரண்டுக்கும் நடுவில், இடுக்கியில் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ரக்பியில் உன் பாதம் புல்லில் பதிந்திருக்க, மேலே ஒருவன் விழுந்து பாதத்தை வெளிப்பக்கம் முறுக்கிவிட்டால் கிழிவது இந்த மேல் நார்கள். அவை முழுதாகப் போய்விட்டால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு எலும்பும் விலகும். விலகிக்கொண்டே இருந்தால் நார் எப்படிச் சேரும்?

அங்கேதான் இந்தச் சிகிச்சை வருகிறது. இரண்டு எலும்புக்கும் குறுக்கே சிறு துளை போட்டு, மிகப் பலமான பின்னல் நூலை உள்ளே செலுத்தி, இரு பக்கமும் சின்ன உலோகப் பொத்தான் வைத்து இறுக்குவார்கள். டைட்ரோப் என்பது ஆர்த்ரெக்ஸ் நிறுவனத்தின் அப்படியான தயாரிப்பு. எலும்புகள் இடத்தில் நிற்கின்றன, நார் தன் வேகத்தில் சுகமாகிறது. எலும்பு விலகாது என்ற தைரியத்தில் காலில் பாரம் கொடுப்பதை முன்கூட்டியே தொடங்கலாம். மிச்சப்படும் நாட்கள் அங்கேதான் மிச்சப்படுகின்றன.

செய்தியில் வராத பகுதி ஒன்றும் இருக்கிறது. அந்த வீரர்களுக்குக் காலையிலிருந்து இரவு வரை கூடவே பிசியோ, தண்ணீருக்குள் ஓடும் இயந்திரம், நேரத்துக்குச் சாப்பாடு, நடந்து ஏறவேண்டிய மலையே இல்லாத தங்குமிடம். நம் பிள்ளைக்கு ஹொஸ்டல் மூன்றாம் மாடியில். அதனால் நான் கணக்குச் சொல்லும்போது மூன்று வாரம் என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஒழுங்காகப் போனால் விளையாட்டுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்.

கொட்டகலை, கல்வியியல் கல்லூரி மாணவி, வலைப்பந்தாட்டம்: எனக்கு வந்தது அந்த மாதிரிக் காயமா, சாதாரணச் சுளுக்கா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் சாதாரணச் சுளுக்குத்தான் தங்கச்சி. வலைப்பந்தில் குதித்து இறங்கும்போது இன்னொருவரின் காலில் மிதித்து, பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. அப்போது கிழிவது வெளிக்கணுவுக்குக் கீழேயும் முன்னேயும் உள்ள நார்கள். வீக்கமும் நீலமும் அங்கேதான் தெரியும்.

மேல் நார்க் காயத்தில் வீக்கம் குறைவாக இருந்து ஏமாற்றும். வலி கணுவுக்கு மேலே, காலின் முன்பக்கம் இருக்கும். கெண்டைக்கால் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து அமுக்கினால் கீழே கணுக்காலில் வலிக்கும். பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினால் துடிக்கும். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் தள்ளி நடக்க முடியாது. இவை இருந்தால் வீட்டில் வைத்துக் காலத்தைக் கடத்தாதே.

எக்ஸ்ரே எப்போது எடுக்கவேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த ஒரு விதி இருக்கிறது. மருந்தகமே இல்லாத எங்கள் தோட்டத்திலும் அதைப் பயன்படுத்தலாம். கணுக்காலில் வலி இருந்து, அடிபட்ட உடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். உள்கணு, வெளிக்கணு இரண்டில் எதனுடைய பின்விளிம்பிலாவது நுனியிலாவது எலும்பின் மேல் அமுக்கும்போது வலித்தாலும் வேண்டும். நொண்டி நொண்டி வைத்தாலும் நான்கு அடி நான்கு அடிதான். பாதத்தின் நடுவில் உள்பக்க எலும்பிலோ சின்னவிரல் எலும்பின் அடியிலோ வலி இருந்தாலும் சொல்லிவிடு, அங்கேயும் முறிவு ஒளிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் மேல் நார்க் காயம் தெரியாமல் போகலாம். எலும்பு முறியவில்லை, வீட்டுக்குப் போ என்று சொன்ன பிறகும் மூன்று வாரத்தில் நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் திரும்பவும் எலும்பு கிளினிக்குக்குப் போய், நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐயோ தேவையா என்று கேள்.

தலவாக்கலை, ஒரு அம்மா: மகனுக்குக் கால் பிசகினால் சூடாக எண்ணெய் போட்டு உருவி, சித்தாலேப தைலம் பூசி, துணியால் கட்டுவோம். அது போதாதா தம்பி?

பூசுவதில் பெரிய கெடுதி இல்லை அம்மா, வலி உணர்வு கொஞ்சம் குறையும். கிழிந்ததை அது சேர்க்காது. ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் சூட்டு எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதை நிறுத்துங்கள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரம் அது. சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டும். முறிவு இருந்து அது தெரியாமல் இழுத்து உருவினால் எலும்பு விலகும். அதைச் சரிசெய்யத்தான் சத்திரசிகிச்சை தேவைப்பட்டுவிடும்.

துணியால் கட்டுவது நல்லது, விரல் நீலமாகாத இறுக்கத்தில். காலை இடுப்புக்கு மேல் உயர்த்தி வையுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி ஒரு முறைக்கு 15, 20 நிமிடம். அப்புறம், முழுவதும் படுக்கையில் போட்டுவிடாதீர்கள். முறிவில்லை என்று தெரிந்தால் வலி தாங்குமளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கவும் மெல்ல ஊன்றவும் விடுங்கள்.

பதுளை, ஊவா வெல்லஸ்ஸ மாணவர், கரப்பந்தாட்டம்: ஒரே கால் மூன்று தடவை பிசகிவிட்டது. இப்போது சமதரையிலேயே மடங்குகிறது. எனக்கும் அந்தக் கயிறு வேண்டுமா?

வேண்டாம் தம்பி, உனக்கு வந்திருப்பது வேறு. வெளிப்பக்க நார் தளர்ந்துபோனதற்கான சத்திரசிகிச்சை வேறு வகை. சுவீடனைச் சேர்ந்த புரோஸ்ட்ரோம் 1966இல் விவரித்தது, கோல்ட் என்பவர் 1980இல் மேம்படுத்தியது, இன்றுவரை அதுதான் அடிப்படை. தளர்ந்த நாரை இறுக்கி எலும்போடு திரும்பத் தைப்பார்கள். இப்போது சில இடங்களில் மேலே ஒரு பலமான நாடாவையும் சேர்த்து வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பாரம் கொடுப்பதைச் சற்று முன்னதாகத் தொடங்கலாம். எப்படியும் விளையாட்டுக்கு மூன்று நான்கு மாதம் ஒதுக்கு.

ஆனால் அதற்கு முன் நான் கேட்கும் கேள்வி: மூன்று தடவையும் பிசகிய பிறகு என்ன பயிற்சி செய்தாய்? பெரும்பாலானவர்கள் வலி போனதும் களத்துக்குப் போய்விடுகிறார்கள். நார் கிழியும்போது, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் சேதமாகின்றன. வலி போவதால் அது திரும்பி வராது, பயிற்சியால்தான் வரும். ஒற்றைக் காலில் கண்ணைத் திறந்து 30 விநாடி, அப்புறம் கண்ணை மூடி, அப்புறம் மடித்த சாக்கின் மேல், அப்புறம் பந்தைப் பிடித்துக்கொண்டு. ஒரு ரப்பர் பட்டியைக் கட்டிலில் கட்டி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளு. இதை ஒழுங்காக மூன்று மாதம் செய்தும் கால் மடங்கினால் நானே உன்னை எலும்பு டொக்டரிடம் அனுப்புவேன். அதைச் செய்யாமல் கத்திக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஹட்டன், ஒரு தந்தை: மகளுக்கு மேல் நார் கிழிந்து எலும்பு விலகியிருக்கிறது. ஸ்குரூ போடுவதாகச் சொல்கிறார்கள். கயிறுதான் நல்லது என்று கேள்விப்பட்டோம். கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் செய்யலாமா?

அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள் ஐயா. ஸ்குரூ பழைய முறை, ஆனால் கெட்ட முறை அல்ல. இரண்டு எலும்பும் சரியான இடத்தில் பொருத்தப்பட்டனவா என்பதுதான் பிள்ளையின் காலைத் தீர்மானிக்கும், எதை வைத்துப் பிடித்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான். நூல்முறைக்கு உண்மையான நன்மைகள் உண்டு. எலும்புகளின் இயல்பான சிறு அசைவை அது விடுகிறது, வழக்கமாக இரண்டாவது ஆபரேஷன் செய்து எடுக்கத் தேவையில்லை. ஸ்குரூ சிலவேளை உள்ளே உடையும், பல டொக்டர்கள் மூன்று மாதமளவில் கழற்றுவார்கள். நூலிலும் குறை உண்டு: முடிச்சோ பொத்தானோ தோலுக்குக் கீழே உறுத்தலாம், எந்தச் சத்திரசிகிச்சையையும் போல் கிருமி தொற்றலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கிளினிக்கில் நேராகக் கேளுங்கள்: இங்கே நூல்முறை செய்கிறீர்களா, அந்தப் பொருளை நாங்கள் வாங்கித்தர வேண்டுமா, ஸ்குரூ போட்டால் எப்போது கழற்றுவீர்கள், பிசியோவுக்கு எத்தனை தடவை வரவேண்டும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்குச் சேர்த்த காசில் பஸ் செலவுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ, எங்கே அனுப்பினாலும் அந்தத் தவணைகளுக்குப் பிள்ளை போனால்தான் போட்ட ஸ்குரூவுக்கோ நூலுக்கோ பலன்.

மஸ்கெலியா, ஒரு அக்கா: தம்பிக்கு ஆபரேஷன் முடிந்து வருகிறான். எங்கள் லயத்துக்கு ஐம்பது படி ஏறவேண்டும். மலசலகூடம் வெளியில். எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கேட்டிருக்கவேண்டியது. முடிந்தால் முதல் இரண்டு வாரம் ரோட்டோரத்தில் உள்ள உறவினர் வீட்டில் வைத்திருங்கள். முடியாவிட்டால், ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் ஊன்றுகோலோடு படி ஏறி இறங்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஊன்றுகோலும் காயப்பட்ட காலும். இறங்கும்போது ஊன்றுகோலும் காயப்பட்ட காலும் முதலில், நல்ல கால் பின்னால். மழையில் படி பாசி பிடித்திருக்கும், முதலில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். யாராவது ஒருவர் எப்போதும் கீழ்ப்பக்கம் நிற்கவேண்டும்.

குந்தும் கழிப்பறையில் இருக்க முடியாது. நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் கதிரை போதும். காயத்தை நனைக்கக்கூடாது, கட்டு ஈரமானால் அன்றே மாற்றவேண்டும். கெண்டைக்கால் இறுகி வலித்து வீங்கினால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு காயத்தில் சீழ் வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. கால் கட்டிலில் கிடக்கும்போது இரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போகலாம். சிகரெட் பிடிப்பவன் என்றால் அக்கா உரிமையோடு நிறுத்தச் சொல்லுங்கள், புகை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

பண்டாரவளை, விளையாட்டு ஆசிரியர்: டொக்டர் ‘ஆறு வாரம்’ என்று எழுதியிருக்கிறார். ஆறு வாரம் முடிந்ததும் அணியில் போடலாமா?

நாட்காட்டியைப் பார்த்துப் போடாதீர்கள் சேர், காலைப் பார்த்துப் போடுங்கள். சுவருக்கு முன் நின்று, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஒற்றைக் காலில் நுனிக்காலுக்கு எழும்புவதை 20 தடவையாவது, மற்றக் காலைப் போலவே செய்யவேண்டும். ஒற்றைக் காலால் பாய்ந்து இறங்கும் தூரம் நல்ல காலின் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. பிறகு நேராக ஓட்டம், வளைந்து ஓட்டம், திடீரென்று நின்று திரும்புதல், கடைசியாக மற்றவர்களோடு மோதும் பயிற்சி. ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுநாள் காலையில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் ஒரு கட்டம் பின்னால்.

நம் மைதானங்கள் பல மலையை வெட்டிச் சமப்படுத்தியவை. ஒரு ஓரம் சரிவு, ஒரு ஓரம் கான். தென்மேற்கு மழைக்காலத்தில் புல் வழுக்கும். காயப்பட்டுத் திரும்பும் பிள்ளையின் முதல் ஆட்டத்தை ஈரத் தரையில் வைக்காதீர்கள்.

நுவரெலியா, உதைபந்தாட்ட மாணவி: பட்டி கட்டி விளையாடலாமா?

விளையாடலாம். முன்பு பிசகிய காலுக்குப் பட்டியோ டேப்போ மறுபடி பிசகுவதைக் குறைக்கும். சமநிலைப் பயிற்சியோடு சேர்த்துக் கட்டு, பதிலாக அல்ல.

கண்டி, மாணவர்: இன்னும் பத்து நாளில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி. வலிக்கு ஊசி போட்டு விளையாடிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. வலிதான் இப்போது உன் காலைக் காப்பாற்றுகிறது. மேல் நார் கிழிந்த காலில் மரத்துப்போகச் செய்து ஓடினால் மூட்டின் குருத்தெலும்பு தேயும். அது தேய்ந்தால் தைத்துச் சேர்க்க நூல் இல்லை. இந்தப் போட்டி போனால் அடுத்தது இருக்கிறது. கோபப்பட்டாலும் பரவாயில்லை, முதலில் எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டு.

பொகவந்தலாவை, கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா: நாங்கள் விளையாடுவதில்லை. ஆனால் மலையில் கால் பிசகாத ஆளே இல்லை. எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தும் அக்கா. கூடையைச் சுமந்து சரிவில் இறங்குவது எந்த விளையாட்டுக்கும் குறைந்த பாரமல்ல. நான்கு அடி விதி உங்களுக்கும் உண்டு, ஒற்றைக் கால் பயிற்சியும் உண்டு. வேலைக்குத் திரும்பும்போது முதல் வாரம் சமமான மட்டத்தில் வேலை கேளுங்கள், தோட்டத்து மருந்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கேட்டால் பேச இலகுவாக இருக்கும். செருப்பில் ஏறாமல், குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்தில் ஏறுங்கள்.