எல்சி3 கூடினால் மைட்டோபாஜி கூடியதாக அர்த்தமா?

பக்கவாதத்தைப் போல ஆக்சிஜனும் குளுக்கோஸும் நிறுத்தி, பிறகு திருப்பிக் கொடுத்த நியூரான்களில், செல்லின் குப்பையைச் சுற்றும் பையில் ஒட்டும் எல்சி3 புரதத்தின் இரண்டாம் வடிவம் கூடியிருக்கிறது, ஆகவே பழுதான மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் நிலையங்கள்) வேகமாக அகற்றப்படுகின்றன, அதாவது மைட்டோபாஜி கூடியிருக்கிறது என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கிடங்கு வாசல் அடைபட்டாலும் தெருவில் குப்பை வண்டிகள் வரிசைகட்டும். பக்கவாதக் காயத்தில், குப்பையைச் செரிக்கும் அந்தக் கிடங்கான லைசோசோமே அடிவாங்குவதும் உண்டு.

செல்களை எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, கன்ட்ரோல், காயம் இரண்டிலும் பாதித் தட்டுகளுக்கு, லைசோசோமின் செரிமானத்தைத் தடுக்கும் பாஃபிலோமைசின் போடுங்கள். எல்சி3 இன்னும் ஏறினால், லைசோசோம் வரை குப்பை ஓட்டம் நடக்கிறது. ஏறவே இல்லை, குப்பையோடு சேர்ந்து செரிக்கப்பட வேண்டிய பி62 புரதமும் குவிந்திருக்கிறது என்றால் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் புரதமான டாம்20 குறைந்ததை ஆதாரமாகக் காட்டுகிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பார்கின் என்ற நொதி யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்டிய வெளிச்சவ்வுப் புரதங்களை, புரதம் சிதைக்கும் இயந்திரமான புரோட்டியாசோமே சிதைத்துவிடும். மைட்டோகாண்ட்ரியா அப்படியே உட்கார்ந்திருக்கும். உள்சவ்வுப் புரதம் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். வசதி இருந்தால், மைட்டோகாண்ட்ரியாவில் வைக்கும் ஒளிரும் புரதமான எம்டி-கெய்மா இன்னும் நல்லது: அமிலச் சூழலில் அது ஒளியை ஏற்கும் அலைநீளம் மாறுவதால், லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்ததையே காட்டும்.

பார்கினைத் தூண்டும் பிங்க்1 நொதி அசையவில்லை என்பதற்காகக் கவலை வேண்டாம். ஆக்சிஜன் குறையும்போது பிநிப்3, நிக்ஸ் என்ற வேறு புரதங்கள் வழியாகவும் இந்த வேலை நடக்கும்.