எண்ணெய் தேய்த்த கையா காரணம்?

என் மகனுக்கு ஆறு வயது. போன வருடம் முதுகில் எலுமிச்சை அளவு வீக்கம் வந்தது. சுளுக்கு என்று நினைத்து நல்லெண்ணெயைச் சூடுபண்ணி நானே உருவிவிட்டேன். அப்புறம் புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டு டாக்டர் சதை எடுத்துச் சோதித்தார். அதன் பிறகு அந்த இடம் கல்லாக இறுகிவிட்டது. இடது கையைத் தூக்க முடியவில்லை, சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். இப்போது எஃப்.ஓ.பி. என்கிறார்கள். சதை எலும்பாக மாறுமாம். நான் கட்டியது தாய்மாமா மகனை. “சொந்தத்தில் கட்டினதால் வந்த வினை” என்கிறார் அத்தை. அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான்! ராத்திரி தூக்கமே இல்லை. என் கையா, என் ரத்தமா, எது காரணம்?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

முதலில் அத்தை விஷயம். உறவில் மணம் முடித்தால் சில நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அவற்றுக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். எஃப்.ஓ.பி.க்கு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். பெரும்பாலும் அது பெற்றோரிடம் இருப்பதில்லை, குழந்தையிடம் புதிதாக நேர்கிறது. பத்து, இருபது லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் இது. ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதுதான் காரணம் என்று 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. அந்த மாற்றத்தால், காயமோ வீக்கமோ வரும்போது, ஆறவேண்டிய தசை குருத்தெலும்பாகி, பிறகு எலும்பாகிவிடுகிறது.

பையனின் கால் கட்டைவிரலைப் பாருங்கள். பிறந்ததிலிருந்தே குட்டையாக, பக்கத்து விரல் பக்கம் வளைந்திருக்கிறதா? இந்த நோயின் அடையாளமே அதுதான். நீங்கள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதற்கு ஐந்து வருடம் முன்பே அது அவனிடம் இருந்திருக்கிறது.

உருவியதும் சதை எடுத்ததும் வீக்கத்தைக் கிளறியிருக்கலாம். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீக்கம் முதலில் வந்தது, உங்கள் கை அப்புறம்தான் போனது. உலகம் முழுக்க டாக்டர்களே இதைப் புற்றுநோய் என்று நினைத்துச் சதை எடுத்திருக்கிறார்கள். தெரியாமல் செய்ததற்கு இத்தனை தண்டனையா?

இனி உருவ வேண்டாம். தசையில் போடும் ஊசி, பல் வைத்தியம், தடுப்பூசி எதுவானாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை மரபணு ஆலோசனைக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போங்கள். நீங்கள் சொல்வதைவிட டாக்டர் வாயால் கேட்கட்டும்.

அப்புறம், முன்பக்கம் திறக்கிற தொளதொள சட்டையாக வாங்குங்கள். இடது கையை மட்டும் நீங்கள் நுழைத்துவிடுங்கள். பொத்தானை அவனே போடட்டும், பள்ளிக்கு நேரமானாலும் பரவாயில்லை.